டிவிஆர் வாங்கப் போகிறீர்களா? கடையில் கேட்க மறக்கும் கேள்விகள்

கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி மலை ஏறி வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் பக்கம் போனால், காயை உலர்த்தி அடுக்கி வைக்கும் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் எல்லாம் ஒரு புல்லட் கேமரா தொங்குகிறது. கீழே கம்பம், போடி கடைத்தெருவிலும் அப்படித்தான். காய் பறிப்பு தொடங்கும் நேரத்தில் புது ஆட்கள் டிவிஆர், அதாவது கேமரா படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டி, விசாரிக்க வருவார்கள். கேட்பது இரண்டே கேள்வி. "எத்தனை மெகாபிக்சல்?" "போன்ல பாக்கலாமா?" எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று பத்தில் ஒருவர் கேட்டாலே அதிசயம்.

கேமராவை வெயிலுக்கு நேரே திருப்பாதீர்கள், கண்ணாடியைத் துடையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுவோம்.

தேவையே இல்லாமல் வாங்குவது

ஒரே அறை, ஒரே வாசல், ஒன்று அல்லது இரண்டு கேமரா போதும் என்றால் டிவிஆர் வேண்டாம். மெமரி கார்டு போடும் வைஃபை கேமரா போதும். 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் பதிவானால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி போகும். 128 ஜிபி கார்டில் ஆறு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். கார்டு வாங்கும்போது தொடர் பதிவுக்கென்றே வரும் 'ஹை எண்டூரன்ஸ்' வகையைக் கேட்டு வாங்குங்கள். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் கூடவே போய்விடும் என்பது இதன் குறை.

மூன்று நான்கு கேமரா என்று வந்தால்தான் டிவிஆர் கணக்குக்கு வரும். அதிலும் புதுக் கட்டடம், சுவரில் இன்னும் எந்தக் கம்பியும் போகவில்லை என்றால் நெட்வொர்க்கில் ஓடும் ஐபி கேமராவும் அதற்கான பதிவுப் பெட்டியான என்விஆரும் வைப்பதுதான் நல்லது. ஒரே கேட்-6 நெட்வொர்க் கம்பியில் படமும் கரண்டும் வந்துவிடும். ஆனால் அந்தக் கம்பிக்கு எல்லை 100 மீட்டர். நடுவில் ஸ்விட்ச் வைக்காமல் அதற்கு மேல் இழுக்க முடியாது. தோட்டத்தில் ஸ்டோருக்கும் கேட்டுக்கும் நடுவில் 150, 200 மீட்டர் இருப்பது சாதாரணம். அங்கே கேபிள் டிவிக்கு வருவது போன்ற கோ-ஆக்சியல் கம்பியும் டிவிஆரும் இன்றைக்கும் சுலபமாக வேலையை முடித்துவிடும்.

சுவருக்குள் பழைய கோ-ஆக்சியல் நல்ல நிலையில் இருக்கிறதென்றால் அதைப் பிடுங்க வேண்டாம். அந்தக் கம்பியில் ஓடும் அனலாக் கேமரா படத்தை அப்படியே அனுப்பும், அதைச் சுருக்கிப் பதிவது டிவிஆர்தான். அதனால் எச்.265 என்ற புதிய சுருக்கும் முறை உள்ள டிவிஆர் மட்டும் மாற்றினாலே பழைய கேமராக்களின் பதிவுக்கும் இடம் மிச்சமாகும். டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என மூன்று வகை சிக்னல் புழக்கத்தில் உண்டு. பழைய கேமரா எது என்று பார்த்து, புதுப் பெட்டி அதை ஏற்குமா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

"1080" என்ற எண்ணை நம்புவது

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 1080 என்று இருக்கும். பக்கத்தில் சின்னதாக 'என்' அல்லது 'லைட்' என்று ஒட்டிக்கொண்டிருக்கும். முழு 1080பி என்றால் 1920×1080 புள்ளி. லைட் என்றால் 960×1080. அகலத்தில் பாதியைத் தூக்கிவிட்டு, திரையில் காட்டும்போது இழுத்து நிரப்பும். ஆள் நடமாட்டம் நன்றாகத் தெரியும். ஜீப்பின் நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் 3-ஆ 8-ஆ என்று சொல்ல முடியாது. நேரலையில் முழுத் தெளிவோடு காட்டிவிட்டுப் பதிவை மட்டும் லைட்டில் போடும் பெட்டிகளும் உண்டு. அதனால் கடையில் நேரலையைப் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் பதிய விட்டு, அந்தப் பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். என்கோடு மெனுவில் ரெசல்யூஷனையும் ஒரு தடவை பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் மிச்சம் பிடிப்பது

எழுதும்போதே எரிச்சல் வருகிற தவறு இது. டிவிஆர் என்கிற பெட்டிக்கு உள்ளே ஹார்ட் டிஸ்க் இல்லையென்றால் அது வெறும் டிவி இணைப்பு. பெரும்பாலும் டிஸ்க் தனியாகத்தான் விற்கப்படும். கேமராவுக்கும் பெட்டிக்கும் கம்பிக்கும் கூலிக்கும் காசு கொடுத்த பிறகு, கடைசியில் பட்ஜெட் இடிக்கும்போது எல்லோரும் கை வைப்பது இதில்தான். "500 ஜிபி போதும்ணே, பழசு ஒண்ணு இருக்கு, போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொல்வார்கள். தலையாட்டிவிடுவோம்.

முதலில் அளவு. கணக்கு எளிது. ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ் வேகத்தில் நாள் முழுக்கப் பதிந்தால் 10.8 ஜிபி. 1080பி கேமராவுக்கு பழைய எச்.264 முறையில் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வைத்தால்தான் முகம் தெரியும், அதாவது 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86.4 ஜிபி. 1 டிபி டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பும். எட்டு கேமரா என்றால் ஆறு நாள்கூட நிற்காது. நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். எச்.265-க்கு மாற்றி வேகத்தைப் பாதியாக்கினால் நாள் இரட்டிப்பாகும்.

இதை ஏலக்காய் ஸ்டோரில் வைத்துப் பாருங்கள். காய் காய்ந்து, தரம் பிரித்து, சாக்கில் கட்டி அடுக்கியாகிவிட்டது. புற்றடிக்கோ போடிக்கோ ஏலத்துக்கு அனுப்பும்போதுதான் மறுபடி எடை போடுவார்கள். நல்ல விலைக்குக் காத்திருந்தால் மூன்று நான்கு வாரம்கூட ஆகும். மலைமேல் ஒரு ஸ்டோரில் அப்படித்தான் எடை போடும்போது இரண்டு சாக்கு குறைந்தது. எட்டு கேமரா, 1 டிபி டிஸ்க். டிவிஆரைத் திறந்தால் ஆறாவது நாளுக்கு முந்தியது எதுவும் இல்லை. கேமரா, கம்பி, பெட்டி எல்லாமே சரியாகத்தான் வேலை செய்தன. அந்த ஸ்டோருக்கு 30 நாள் வேண்டியிருந்தது. 8 × 21.6 × 30, கிட்டத்தட்ட 5,200 ஜிபி, அதாவது 6 டிபி டிஸ்க். எச்.265-ல் 1 எம்பிபிஎஸ் வைத்திருந்தால் 4 டிபி போதும், ஒன்றரை மாதம் நிற்கும்.

ஆகவே கேட்க வேண்டியது இது: உங்கள் இடத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் எத்தனை நாள் கழித்து உங்களுக்குத் தெரியவரும்? மளிகைக் கடையில் அன்று ராத்திரி கல்லா எண்ணும்போது தெரியும், பத்து நாள் பதிவே தாராளம். குடோனில் மாதக் கடைசியில் தெரியும். வெளியூரில் இருந்துகொண்டு பூட்டிய வீட்டுக்குக் கேமரா வைப்பவருக்கு அடுத்த தடவை வரும்போதுதான் தெரியும். அந்த நாளோடு ஒரு வாரம் கூட்டி, அதற்கான டிஸ்க் விலையையும் சேர்த்து மொத்தம் போடுங்கள். மலைப்பாக இருந்தால் கேமரா எண்ணிக்கையைக் குறையுங்கள், நாளைக் குறைக்காதீர்கள்.

அடுத்தது வகை. கம்ப்யூட்டரில் போடும் சாதாரண டிஸ்க் ஒரு நாளில் சில மணி நேரம் ஓடி, மிச்ச நேரம் சும்மா இருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. டிவிஆரில் அது ராத்திரி பகல் இல்லாமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள், சூட்டோடு. இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஓரிடத்தில் எழுதவோ படிக்கவோ தடுமாறினால் சாதாரண டிஸ்க் அதையே திரும்பத் திரும்ப முயன்று பல விநாடி நின்றுவிடும். பொறுக்காத டிவிஆர் டிஸ்க்கையே கைவிட்டுவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்ப்பிள், சீகேட்டின் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு டிஸ்க்குகள் 24 மணி நேர எழுத்துக்கென்றே செய்யப்பட்டவை. அவை தடுமாறிய இடத்தைத் தாண்டி அடுத்ததை எழுதப் பார்க்கும்.

பர்ப்பிள் ஸ்டிக்கர் ஒட்டிய பழைய டிஸ்க்கும் சந்தையில் உண்டு. வாங்கும் இடத்திலேயே சீரியல் எண்ணை அந்த நிறுவனத்தின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி முடியும் தேதி இன்றையிலிருந்து மூன்று வருடம் சுற்றி இருக்க வேண்டும். 'ஓஇஎம்' (வேறு கருவியோடு சேர்த்து விற்றது) என்று வந்தால் வாரண்டிக்கு நிறுவனத்திடம் போக முடியாது. லேப்டாப்பில் மாட்டி கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் அது ஓடிய மணி நேரத்தையும் பார்க்கலாம். புதியது என்று சொன்ன டிஸ்க் 21,000 மணி நேரம் காட்டினால் அது ஏற்கெனவே கிட்டத்தட்ட இரண்டரை வருடம் எங்கேயோ உழைத்துவிட்டு வந்திருக்கிறது. பில்லில் டிவிஆருக்கு ஒரு வரி, டிஸ்க்குக்குத் தனி வரி, சீரியல் எண்ணோடு. "செட் விலை" என்று மொத்தமாக எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

மூன்றாவது, யாரும் பார்க்காமல் விடுவது. கல்லாவுக்கு மேலே டிவியில் நான்கு கட்டம் ஓடும். ஓடுகிறதே, அப்படியென்றால் பதிவாகிறது என்ற நினைப்பு. டிஸ்க் செத்தாலும் அந்த நான்கு கட்டம் அப்படியேதான் ஓடும். கீழே ஒரு கடையில் மழைக்காலத்தில் டிஸ்க் போய், டிவிஆர் கீ கீ என்று கத்தியிருக்கிறது. வேலைக்கு இருந்த பையன் தொல்லை தாங்காமல் மெனுவுக்குப் போய் அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டான். நான்கு மாதம் கழித்துப் பணம் காணோம் என்று பிளேபேக் போட்டபோது பதிவு உள்ள தேதி நிறம் மாறித் தெரிய வேண்டிய காலண்டரில் ஒரு தேதிகூட நிறம் மாறவில்லை.

டிஸ்க் எரர், நோ டிஸ்க் இரண்டுக்கும் பஸ்ஸரை இயக்கி வையுங்கள், போனுக்குத் தகவல் வருவதையும் சேர்த்து. வாரம் ஒரு நாள், ஐந்தாறு நாளுக்கு முந்தைய ராத்திரி இரண்டு மணியைத் தேர்ந்தெடுத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க், நேரம், இரவுப் படம் மூன்றும் ஒரே தடவையில் தெரிந்துவிடும்.

4 சேனல் போதும் என்பது

போதாது. ஒரு கேமராவுக்கு ஒரு சேனல்தான், ஆனாலும் நான்கு கேமராவுக்கே 8 சேனல் பெட்டி வாங்குங்கள்.

கம்பியில் ஏமாறுவது

த்ரீ பிளஸ் ஒன் கம்பி (ஒரு கோ-ஆக்சியலும் மூன்று சின்னக் கம்பியும் சேர்ந்தது) பெரும்பாலும் 90 மீட்டர் சுருளாக வரும். மலிவானதில் செம்புப் பூச்சுக்கு உள்ளே அலுமினியம் இருக்கும். கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். இதன் கோளாறு பகலில் தெரியாது. இருட்டில் படம் தெரிய உதவும் ஐஆர் விளக்கு இரவில் எரிந்ததும் கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும், வோல்ட் சரியும், கேமரா அணைந்து அணைந்து எரியும். "பேய் பிடிச்ச மாதிரி ராத்திரி மட்டும் சிமிட்டுது" என்று சொன்னால் கேமராவை மாற்றாதீர்கள். ஐஆர் எரியும்போது கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12-க்குப் பதில் 11-க்குக் கீழே இருந்தால் கம்பியோ, கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியோதான் குற்றவாளி. நான்கு கேமராவுக்கு 12 வோல்ட் 5 ஆம்பியர், எட்டுக்கு 10 ஆம்பியர்.

150 மீட்டர் தள்ளி இருக்கும் கேட் கேமராவுக்கு அங்கேயே ஒரு 12 வோல்ட் அடாப்டர் கொடுத்துவிட்டு, படத்தை மட்டும் கோ-ஆக்சியலில் கொண்டு வாருங்கள். இரண்டு இடத்துக்கும் எர்த் வேறுபட்டால் திரையில் பட்டை பட்டையாகக் கோடு மேலே ஏறும். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

மின்னலும் கரண்டும்

சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் இந்த மலையில் விழும் இடிக்குப் போவது கேமரா மட்டுமல்ல. வெளியே நீண்டு கிடக்கும் கம்பி வழியே வந்து டிவிஆரில் கம்பி மாட்டும் பிஎன்சி போர்ட்டையும் எரித்துவிடும். வெளிக் கம்பி ஒவ்வொன்றுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வையுங்கள். எர்த் சரியில்லாத இடத்தில் அதுவும் வெறும் அலங்காரம்தான், ஆகவே முதலில் எர்த் குழியைப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்து விளையாடினால் டிஸ்க்தான் முதலில் போகும். நான்கு கேமரா, டிவிஆர், டிஸ்க் எல்லாம் சேர்ந்து 30 வாட் சுற்றித்தான் இழுக்கும். 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி உள்ள சின்ன யுபிஎஸ்ஸே ஒரு மணி நேரம் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரில் கொடுப்பதாக இருந்தால் பின்னால் உள்ள ஸ்விட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். இல்லையென்றால் மாறும் நேரத்தில் டிவிஆர் அணைந்து எழும்.

கல்லாவுக்குக் கீழே டிவிஆர்

கல்லாவை உடைக்கிறவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். வேறு அறை, பூட்டு, காற்றோட்டம்.

கடவுச்சொல்லை அப்படியே விடுவது

2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியதே, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களும் டிவிஆர்களும் மூலமாகத்தான். கேமரா மாட்டிய பையனுடைய போனிலும் உங்கள் ஸ்டோர் தெரிந்துகொண்டிருக்கலாம். வேலை முடிந்ததும் அவர் முன்னாலேயே மாற்றுங்கள்.

சம்பவம் நடந்த பிறகு செய்யும் தவறு

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. அது மேலெழுதிக்கொண்டே போகும். தெரிந்த அன்றே பென் டிரைவில் எடுங்கள். 64 ஜிபி பென் டிரைவைப் பல பெட்டிகள் அடையாளம் காணாது. டிவிஆர் மெனுவிலேயே ஃபார்மட் செய்துகொள்ளுங்கள், அல்லது 32 ஜிபி எடுத்துப் போங்கள். பதிவு நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் வந்தால் அதை ஓட்டும் பிளேயரையும் கூடவே பதிந்து கொடுங்கள். திரையில் காட்டும் நேரம் உண்மை நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகி இருக்கிறது என்று போனை வைத்து ஒப்பிட்டு, அந்தப் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போகும்போதெல்லாம் நேரம் 2000-க்கோ 2010-க்கோ போகிறதென்றால் உள்ளே இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் மின்னணுச் சாட்சியம் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவில் வருகிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழுக்குப் பதில் ஏ, பி என்று இரண்டு பகுதி உள்ள சான்றிதழ். ஒன்றில் நீங்கள், மற்றதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பும் அதில் இருக்கும். போலீஸ் டிஸ்க்கையே கழற்றிக் கேட்டால் அதன் சீரியல் எண்ணை மகஜரில் எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே வேறு டிஸ்க் போடுங்கள், பதிவு நின்ற பெட்டி மறுபடி வெறும் டிவி இணைப்புதான்.