பள்ளி விழா மேடையும் முன்னாள் மாணவர்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பொங்கல் விடுமுறை முடிந்ததிலிருந்து பொதுத்தேர்வு தொடங்கும் வரையிலான வாரங்கள் பெரும்பாலும் ஆண்டு விழாக்களுக்கு உரியவை. முன்பெல்லாம் ஆசிரியர்களும் மாணவர்களும் மட்டுமே நடத்திய இந்த விழாக்களில் இப்போது முன்னாள் மாணவர்களின் பங்கு வெகுவாகக் கூடியிருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் அரசுப் பள்ளிகளுக்கு உதவ முன்னாள் மாணவர்களை அழைத்தது. 2024 இல் மாற்றி அமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களிலும் அவர்களுக்கு இடம் தரப்பட்டது. படித்த பள்ளிக்குத் திரும்பி வருகிறவர்களின் அன்பும் உழைப்பும் பணமும் இசைக்கும் நாடகத்துக்கும் பயன்படுவது மிக நல்ல மாற்றம். ஆயினும், ஒரே ஒரு செய்தியை மறந்துவிடுவதால் பல விழாக்கள் கெட்டுப்போகின்றன: அந்த மேடை இன்று அங்கே படிக்கிற பிள்ளைகளுடையது. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மறதியிலிருந்துதான் பிறக்கின்றன.

விழா தொடங்கும் முதல் நிமிடத்திலேயே ஒரு தவறு நடந்துவிடுகிறது. தமிழ்த்தாய் வாழ்த்தை அலைபேசியிலிருந்து ஒலிக்கவிட்டு, மேடையில் நிற்கும் மாணவியரை வெறுமனே வாயசைக்க வைக்கிறார்கள். மனோன்மணியம் சுந்தரனாரின் இப்பாடலை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் அரசாணை, ஒலிப்பதிவைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகவே பாட வேண்டும் என்றும், 55 விநாடிகளில் பாடி முடிக்க வேண்டும் என்றும் தெளிவாகக் கூறுகிறது. மோகன இராகத்தில், மூன்றன் நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் தாள நடையில்) அமைந்த இந்தப் பாடலை ஐந்தாறு பிள்ளைகள் ஒரு வாரம் பழகினாலே அழகாகப் பாடிவிட முடியும். பாட்டு ஆசிரியர் இல்லாத பள்ளியில் இந்தப் பயிற்சியைத் தருவதுதான் இசை தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவர் செய்யக்கூடிய முதல் உதவி.

அடுத்து வருவது சுருதி. இந்நாள் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து பாடும் குழுப்பாடல் கேட்க உருக்கமாக இருக்கும் என்று பலரும் திட்டமிடுகிறார்கள். ஆனால் ஒத்திகையின்போது எந்தக் கட்டையில், அதாவது ஆர்மோனியக் கட்டைகளைக் கொண்டு சொல்லும் எந்தச் சுருதி அளவில், பாடுவது என்று யாரும் பேசிக்கொள்வதில்லை. வளர்ந்த ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை இயல்பாக வரும். குரல் உடையாத சிறுவர்களின் குரலும் பெண்களின் குரலுக்கு அருகில்தான் இருக்கும். பெரியவர்கள் தமக்கு வசதியான சுருதியில் தொடங்கிவிட்டால், பிள்ளைகள் கீழ்ச்சுரங்களில் குரல் எழும்பாமல் முணுமுணுப்பார்கள், அல்லது மேலே போய்க் கத்துவார்கள். பிள்ளைகளுக்கு ஏற்ற சுருதியை முதலில் முடிவு செய்து, பெரியவர்களை அதே சுருதியில் ஒரு ஸ்தாயி (எட்டுச்சுரம்) கீழே இறங்கிப் பாடச் சொல்வதும், அது முடியாத வரிகளில் அவர்களை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பாடச் சொல்வதும் நல்ல வழிகள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களில் குரல் உடைந்துகொண்டிருப்பவர்களை உச்சஸ்தாயியில் பாடும்படி வற்புறுத்தக் கூடாது. அந்த வயதில் மேடையில் குரல் பிசிறி, கூட்டம் சிரித்துவிட்டால், அந்தப் பையன் பிறகு பாடவே வரமாட்டான். அவனுக்குத் தாளமோ மிருதங்கமோ வேறு பங்கோ கொடுத்து ஓராண்டு காத்திருக்கலாம்.

சினிமாப் பாட்டின் கரோக்கே டிராக்கை (பாடகர் குரல் இல்லாத இசைப் பதிவை) வைத்துப் பாடுவதிலும் இதே சிக்கல்தான். அந்த டிராக் படத்தில் பாடிய பாடகரின் சுருதியில் இருக்கும், பாடப்போகும் பிள்ளையின் சுருதியில் இருக்காது. கணினியில் சுருதியை மாற்றிக்கொள்வது சில நிமிட வேலை. அதை விழாவுக்கு முந்தைய இரவில் செய்யாமல், முதல் ஒத்திகைக்கு முன்பே செய்துவிட வேண்டும். டிராக்கை ஒலிக்கவிடும் அலைபேசியை விமானப் பயன்முறையில் வைக்க மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. பாட்டின் நடுவே அழைப்பு வந்து டிராக் நின்றுபோக, மேடையில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்ன செய்வதென்று தெரியாமல் மைக்கைப் பிடித்தபடி நிற்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அதன் வேதனை புரியும்.

நாடகத்தில் நடக்கும் தவறுகளை நான் மற்றவற்றைவிடப் பெரியவையாகக் கருதுகிறேன். வசனம் முழுவதையும் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்து, சில வேளைகளில் பெரியவர்களின் குரலிலேயே பதிவு செய்து, மேடையில் பிள்ளைகளை வாயையும் கையையும் மட்டும் அசைக்க வைக்கும் வழக்கம் இன்று பல பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. பிள்ளைகள் வசனத்தை மறந்துவிடுவார்கள், மைக் சரியாக எடுக்காது என்று இதற்கு இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். ஆனால் மறந்துபோன வரியைச் சமாளிப்பதும், எதிரில் நிற்கும் நண்பன் தடுமாறினால் எடுத்துக்கொடுப்பதும், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி மூச்செடுத்துப் பேசுவதும்தான் நாடகம் ஒரு பிள்ளைக்குக் கற்றுத்தரும் கல்வி. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது உடையும் ஒப்பனையும் மட்டுமே. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறுவர்களே பாடி, பேசி, நடித்தார்கள், பின்னாளில் நாடகத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சிறு வயதில் பயின்றார்கள். மைக் இல்லாத அந்தக் காலத்தில் கொட்டகை முழுவதற்கும் பிள்ளைகளின் குரல் கேட்டது. பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட அந்தச் சிறுவர் நாடகக் குழுக்களின் கடுமையான கட்டுப்பாடுகளை இன்று யாரும் விரும்ப மாட்டோம். ஆனால் குரலுக்குத் தரப்பட்ட பயிற்சியை ஏன் கைவிட வேண்டும்?

மைக் சிக்கலுக்கும் எளிய தீர்வு உண்டு. மைக் செட் வாடகைக்குப் பேசும்போதே, பேச்சாளர் மேசைக்கு ஒன்றும் பாட்டுக்கு இரண்டும் போக, மேடை விளிம்பில் தாழ்வாக வைக்கவோ மேலிருந்து தொங்கவிடவோ மூன்று மைக்குகள் நாடகத்துக்கு வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். வசனம் பேசும் பிள்ளை எந்த மைக்குக்கு அருகில் வந்து நிற்க வேண்டும் என்பதை மேடைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து, ஒத்திகையில் அந்த இடங்களிலேயே நின்று பழகினால் போதும். ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக்குகளுக்குப் பின்னால் இருந்தால் கீச்சென்ற ஒலி எழும். ஆகவே பெட்டிகள் எப்போதும் மைக்குகளுக்கு முன்னால், பார்வையாளர் பக்கமாக இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் விழா நாளன்று மாலை ஐந்து மணிக்குச் சரிசெய்ய முயன்றால் நடக்காது. முந்தைய நாள் ஒரு மணி நேரம் மைக் செட்காரரை வரவழைப்பதற்கு ஆகும் செலவை முன்னாள் மாணவர் ஒருவர் ஏற்றுக்கொண்டால், அலங்கார வளைவு ஒன்று வைப்பதைவிட அது மேலான நன்கொடை.

நாடகத்துக்குக் கதை தேடும்போது, அண்மையில் ஓடிய படத்தின் நகைச்சுவைக் காட்சிகளை ஒட்டவைத்து இருபது நிமிடத்தை ஓட்டுவது இன்னொரு வழக்கம். பாரதியார், பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் எனப் பலருடைய எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை யாரிடமும் உரிமை கேட்காமலேயே மேடையேற்றலாம். ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டு, எந்தக் காட்சியை வைப்பது, எதை விடுவது, யார் என்ன பேசுவது என்று பிள்ளைகளையே எழுதவைத்தால் நாடகமும் தமிழ் வகுப்பும் ஒருசேர நடக்கும்.

மேடைக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நடக்கும் அநீதி வெளியே தெரிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே பத்துப் பதினைந்து பேர். நடனத்தில் நிறம் சிவந்தவர்கள் முன் வரிசையில், கறுத்தவர்கள் பின் வரிசையில். உடை வாடகைக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தாமாகவே விலகிக்கொள்கிறார்கள். அப்படி விலகும் பிள்ளை உண்மையான காரணத்தை ஆசிரியரிடம் சொல்லவே சொல்லாது. உடைச் செலவைப் பெற்றோரிடம் கேட்பதில்லை என்று பள்ளி முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அந்தத் தொகையை முன்னாள் மாணவர் சங்கம் மொத்தமாக ஏற்றுக்கொள்வது மிக முக்கியமான உதவி. வரிசைகளைப் பாட்டின் நடுவே மாற்றும்படி நடனத்தை அமைத்தால், எல்லாப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோர் ஒருமுறையாவது முன்னால் பார்ப்பார்கள்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க, 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை விதிக்கின்றன. மற்ற நேரத்துக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் விழாவில் வரவேற்பு, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்கொடையாளர் உரைகள் என்றே எட்டரை வரை போய்விட்டால், நான்கு மணிக்கே ஒப்பனை போட்டு உட்கார்ந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். சின்னப் பிள்ளைகளின் நிகழ்ச்சிகளை முதலில் வைத்துவிட்டு, உரைகளை அவற்றின் நடுவே ஐந்தைந்து நிமிடங்களாகப் பிரித்துப் போடலாம்.

முன்னாள் மாணவர்கள் தாங்களும் ஆடிப்பாட ஆசைப்படுவது இயல்பு. அதற்குத் தனி நாள் வைத்துக்கொள்வதே சிறந்தது; பிள்ளைகளின் விழாவில் ஒரே ஒரு நிகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். சந்திப்புக்கு ஆள் சேர்க்கும்போது வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களோடு நின்றுவிடுவதும் பெரிய குறை. பத்தாம் வகுப்பில் தவறியவர்களும், பாதியில் பள்ளியை விட்டவர்களும், திருமணமாகி வெளியூர் போன பெண்களும் அந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள். பழைய வருகைப் பதிவேட்டைப் பள்ளியில் கேட்டுப் பார்த்து, பெயர் பெயராகத் தேடி, ஊரில் இருப்பவர்களின் வீட்டுக்கே போய் அழைக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களை வரவழைத்தால், வாகனமும் உடன் ஒருவரும் ஏற்பாடு செய்து, அவர்களுக்கான மரியாதையை முதல் அரைமணி நேரத்திலேயே முடித்துவிட வேண்டும். எண்பது வயதுப் பெரியவரை மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பது மரியாதை ஆகாது.

நிதி திரட்டுவதற்காக நுழைவுச்சீட்டு விற்று இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பதிப்புரிமையை மறந்துவிடுகிறார்கள். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52 ஆம் பிரிவில், கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் பகுதியாக ஆசிரியர்களும் மாணவர்களும், தங்களுக்குள்ளும் பெற்றோர் முன்னிலையிலும் நிகழ்த்துவதற்கு விலக்கு அளிக்கிறது. மண்டபம் எடுத்து, பொதுமக்களுக்குச் சீட்டு விற்று, முன்னாள் மாணவர்கள் நடத்தும் சினிமாப் பாட்டுக் கச்சேரியை அந்த விலக்கு காப்பாற்றும் என்று நம்பக் கூடாது; பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் வழங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் முன்பே உரிமம் பெற வேண்டும்.

பயிற்சி தர வரும் முன்னாள் மாணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பள்ளி ஆசிரியர் ஒருவர் உடன் இல்லாமல் ஒத்திகை நடத்தக் கூடாது. பிள்ளைகளின் எண்ணை வாங்கித் தனியே செய்தி அனுப்பவும் கூடாது. இது யார்மீதும் ஐயம் கொள்வதால் அன்று, எல்லாருக்கும் ஒரே விதி இருந்தால்தான் பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பார்கள் என்பதால் சொல்வது. மாணவியர் ஆடும் காணொளியைப் பெற்றோர் சம்மதமின்றி முகநூலிலும் யூடியூபிலும் ஏற்றுவதும் அதே அளவுக்குத் தவறானது. பள்ளியே ஒரு ஒளிப்பதிவாளரை அமர்த்தி, பதிவைப் பெற்றோருக்கு மட்டும் கொடுத்துவிட்டால், மேடைக்கு முன்னால் அலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டமும் குறையும்.

பணக் கணக்கில் வரும் பூசல் பல சங்கங்களை இரண்டே ஆண்டுகளில் உடைத்திருக்கிறது. நன்கொடையைத் தனிநபரின் கணக்கிலோ கூகுள் பேயிலோ வாங்காமல், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன்கீழ்ச் சங்கத்தைப் பதிவு செய்து, இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கில் மட்டுமே வாங்க வேண்டும். விழா முடிந்த பதினைந்து நாள்களுக்குள் வரவு செலவு முழுவதையும், மைக் செட் வாடகை ரசீது உட்பட, பள்ளித் தகவல் பலகையில் ஒட்டிவிட்டு, மீதித் தொகையை அடுத்த ஆண்டு நாடக உடைகளுக்கும் சுருதிப் பெட்டிக்கும் என்று ஒதுக்கிவைக்கலாம்.