ஜியோடெக்ஸ்டைல் வாங்கும்போது ஜிஎஸ்எம்முக்கு முன்னால் கேட்க வேண்டியவை

சாலை, தடுப்புச் சுவர், வடிகால் போன்ற வேலைகளில் மண்ணோடு சேர்த்து விரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி வேண்டும் என்று விற்பவரிடம் சொன்னால், பெரும்பாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஜிஎஸ்எம்?" என்பதுதான். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதை மட்டுமே குறிக்கும். அந்தத் துணி எவ்வளவு இழுவிசையைத் தாங்கும், அதன் வழியே தண்ணீர் எவ்வளவு தாராளமாக வடியும், எந்த அளவுள்ள மண்துகளை அது தடுத்து நிறுத்தும் என்பவற்றை அந்த எண் சொல்லாது. ஆகவே விலை கேட்கப் போகும் முன்பே, துணி நம் தளத்தில் என்ன வேலை செய்யப் போகிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

களிமண் தரையில் கொட்டும் ஜல்லி மண்ணுக்குள் புதைந்துவிடாமல் இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு வேலை. தடுப்புச் சுவருக்குப் பின்னாலோ நிலத்தடி வடிகாலைச் சுற்றியோ இருந்து, தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடித்து நிறுத்துவது இன்னொரு வேலை. உயரமான மண்கரைக்குள் கிடந்து அதற்கு வலுச் சேர்ப்பது மூன்றாவது. இதற்கு மட்டும் வடிவமைப்புப் பொறியாளரின் கணக்கு கையில் இல்லாமல் துணி வாங்கவே கூடாது.

நாடா போன்ற பிளாஸ்டிக் இழைகளால் நெய்த துணி, பார்வைக்கு அரிசி மூட்டைச் சாக்கைப் போல இருக்கும். குறைந்த எடையிலேயே மிகுந்த வலுவும், அதிகம் நீளாத தன்மையும் அதற்கு உண்டு. ஊசியால் குத்திப் பிணைத்த நெய்யாத துணியோ கம்பளியைப் போலத் தடிப்பாக, கூரான ஜல்லி குத்தினாலும் உடனே கிழியாமல் நீண்டு கொடுப்பதாக, தண்ணீரைத் தடையின்றி விடுவதாக இருக்கும். பிரித்து வைக்கும் வேலைக்கு இரண்டில் எதையும் யோசிக்கலாம். வடிகால் வேலைக்கு நாடா இழைத் துணியை வாங்காதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தடுப்புச் சுவர் வேலையில், "200 ஜிஎஸ்எம், நல்ல கனம்" என்று விற்பவர் சொன்னதை நம்பி, சுவருக்குப் பின்னால் நெய்த துணியைப் போட்டோம். ஐப்பசி மழை விட்ட மறுநாள் போய்ப் பார்த்தபோது, தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க வேண்டிய வீப் ஹோல்கள் (சுவரில் விடும் வடிதுளைகள்) அனைத்தும் காய்ந்து கிடந்தன. சுவர் மட்டும் நடுப்பகுதியில் புடைத்திருந்தது. பின்புறம் தோண்டினோம். துணியின் மண்பக்கத்தில் சேறு பசை போல அப்பியிருந்தது. மறுபக்கத்தில் இருந்த ஜல்லியோ, கொட்டிய அன்று இருந்தபடியே சுத்தமாக, உலர்ந்து கிடந்தது. துணியின் எடையில் குறைவில்லை. நாங்கள் கேட்டிருக்க வேண்டிய எண்தான் வேறு.

அந்த எண்கள் இரண்டு. ஒன்று துணியின் துளை அளவு, மற்றொன்று பெர்மிட்டிவிட்டி எனப்படும் நீர் விடும் திறன். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையினர் பின்பற்றும் ஆஷ்டோ எம் 288 விவரக்குறிப்பு, வடிகால் துணிக்கான இவ்விரு எண்களையும் தளத்து மண்ணைக் கொண்டே தீர்மானிக்கிறது. மண்ணில் பாதிக்கு மேல் 0.075 மி.மீ. சல்லடையில் இறங்கிவிடுமானால் துளை அளவு 0.22 மி.மீ.க்கு மிகக்கூடாது; 15 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கும் மணற்பாங்கான மண்ணாக இருந்தால் 0.43 மி.மீ. வரை போகலாம். இதற்கு விலக்காக, குழைவுக் குறியீடு (ஈரத்தில் மண் எவ்வளவு குழையும் என்பதைக் காட்டும் எண்) 7-க்கு மேல் உள்ள களிமண்ணுக்கு 0.30 மி.மீ. வரை இடம் தரப்பட்டுள்ளது. ஆகவே மண்ணைச் சலித்துப் பார்க்காமல் துணியைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. இந்தியாவில் நிலத்தடி வடிகால் துணிக்கு ஐ.எஸ். 16393, சாலை அடிமண்ணைப் பிரித்து வைக்கும் துணிக்கு ஐ.எஸ். 16391 ஆகிய தரநிலைகள் உள்ளன. கொள்முதல் ஆணையில் வேலைக்குரிய எண்ணைக் குறிப்பிட்டு விடுவது நல்லது.

விற்பவர் காட்டும் விவரத்தாளில் உள்ள எண்கள் வழக்கமான மதிப்புகளா, அல்லது ரோல்களின் குறைந்தபட்சச் சராசரி மதிப்புகளா (ஏறத்தாழ எல்லா ரோல்களும் எட்டும் அளவா) என்று கட்டாயம் கேளுங்கள். வழக்கமான மதிப்பு என்றால், வந்து இறங்கும் ரோல்களில் ஏறத்தாழப் பாதி அந்த எண்ணுக்குக் கீழே இருக்கக்கூடும். இரண்டு நிறுவனங்களின் விலையை ஒப்பிடும்போது, ஒருவர் ஒரு வகை மதிப்பையும் மற்றவர் மறுவகை மதிப்பையும் தந்திருந்தால், அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

இழை எது என்பதையும் பார்க்க வேண்டும். புதிய கான்கிரீட்டோ சுண்ணாம்பு கலந்த மண்ணோ தொடும் இடத்தில், காரத்தன்மையால் பாலியஸ்டர் நாளடைவில் வலுவிழக்கும். அங்கே பாலிப்ரொப்பிலீன் பொருத்தமானது. நெடுங்காலம் இழுவிசையைத் தாங்க வேண்டிய இடத்திலோ பாலியஸ்டரே மேல். சந்தேகம் வந்தால் சில இழைகளைப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் காற்றுக் குமிழ் போகக் கசக்கி விடுங்கள்: பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், பாலியஸ்டர் மூழ்கும்.

சரிவுகளில் புல் வேர்பிடிக்கும் வரை மட்டும் மண்ணைக் காக்க வேண்டுமானால், தென்னை நார்த் துணியே போதும். சில ஆண்டுகளில் அது மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். 2020-இல் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் 7 மாநிலங்களின் 1,674 கி.மீ. சாலைகளுக்குத் தென்னை நார்த் துணி பயன்படுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 369 கி.மீ. ஆனால் தடுப்புச் சுவரின் பின்னால், காலமெல்லாம் வடிகட்ட வேண்டிய இடத்தில் அதைப் போடக்கூடாது.

அளவு கணக்கிடும்போது பலரும் மேற்பொருத்தை, அதாவது ஒரு ரோலின் ஓரம் அடுத்த ரோலின் மேல் ஏறிக் கிடக்க வேண்டிய அகலத்தை, மறந்துவிடுகிறார்கள். 20 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் உள்ள ஒரு முற்றத்துக்கு, 5 மீட்டர் அகல ரோல்கள் நான்கு போதும் என்று தோன்றும். அரை மீட்டர் மேற்பொருத்து விட்டால் நான்கு ரோல்கள் 18.5 மீட்டரோடு நின்றுவிடும். ஐந்தாவது வாங்கியே ஆக வேண்டும். தரை மிகவும் இளகியதாக இருந்தால் ஒரு மீட்டர் வரை மேற்பொருத்து தேவைப்படும், அல்லது ஓரங்களைத் தைக்க வேண்டியிருக்கும்.

லாரி வந்ததும் ஒரு ரோலையாவது எடை போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம், 200 ஜிஎஸ்எம் என்றால், நடுக்குழாய் நீங்கலாகச் சரியாக 100 கிலோ வர வேண்டும். மழையில் நனைந்து வந்த ரோல் எடையில் ஏமாற்றும் என்பதால் அதை உலர்ந்த பின்பே நிறுக்க வேண்டும். ரோலின் மேல் ஒட்டியுள்ள லாட் (உற்பத்தித் தொகுதி) எண்ணும் சோதனை அறிக்கையில் உள்ள லாட் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு மீட்டர் வெட்டி, எண்ணை அதன் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரோல்களைத் தரையில் படாமல் மரக்கட்டைகளின் மேல் அடுக்கி, வந்த உறையோடே வைத்திருங்கள். வெயில் பட்டால் இழை நைந்துபோகும் என்பதால், விரித்த துணியை 14 நாட்களுக்குள் மண்ணோ ஜல்லியோ போட்டு மூடிவிட வேண்டும்.