தொலைவில் இருப்பவர்களிடம் திருமண வீடியோவைக் காட்டித் திருத்தம் வாங்குவது எப்படி?

மணமக்கள் வெளிநாட்டிலும் பெற்றோர் ஊரிலுமாக இருக்கும்போது, திருமண வீடியோவை எடிட் செய்வதைவிட அதற்கான திருத்தங்களைத் தெளிவாகக் கேட்டு வாங்குவதே கடினமாகிவிடுகிறது. "நாதஸ்வரம் வரும் இடத்தைக் குறையுங்கள்" என்று ஒரு செய்தி வந்தால், மாப்பிள்ளை அழைப்பிலிருந்து முகூர்த்தம் வரை நாதஸ்வரம் பல இடங்களில் ஒலிப்பதால், எந்த இடத்தைச் சொல்கிறார்கள் என்று நாம் ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த ஊகத்தைத் தவிர்க்கும் வழியை, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ரெண்டர் எடுக்கத் தெரிந்தவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

படி 1: டைம்கோடைப் படத்தின்மேல் பதியுங்கள்

வொர்க்ஸ்பேஸ் மெனுவில் டேட்டா பர்ன்-இன் என்பதைத் திறந்து, ரெக்கார்ட் டைம்கோடைத் தேர்ந்தெடுங்கள். டைம்லைனில் அந்தக் காட்சி வரும் நேரம் (மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம்) படத்தின்மேலேயே தெரியும். அங்கேயே உள்ள கஸ்டம் டெக்ஸ்டில் பதிப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்தப் படியில்தான். ரிசால்வின் டைம்லைன் வழக்கமாக 00:00:00:00 இல் தொடங்காமல் 01:00:00:00 இல் தொடங்குகிறது. நிகழ்ச்சிக்கு முன்னால் வண்ணப் பட்டைகளுக்கும் கவுண்ட்டவுனுக்கும் இடம் ஒதுக்கிய டேப் காலத்து வழக்கம் அது. இதனால் வாடிக்கையாளரின் போனில் பிளேயர் 4:12 என்று காட்டும் இடத்தில், படத்தின்மேல் 01:04:12:10 என்று இருக்கும். மணமகள் ஒன்றையும் அவருடைய அப்பா மற்றொன்றையும் குறித்து அனுப்புவார்கள். மீடியா பூலில் டைம்லைனை வலது கிளிக் செய்து, டைம்லைன்ஸ் என்பதற்குள் இருக்கும் ஸ்டார்ட்டிங் டைம்கோடை 00:00:00:00 என மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதல் பிரதியை அனுப்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால், ஏற்கெனவே வந்த குறிப்புகளின் நேரங்கள் பொருந்தாமல் போகும். கடைசி இரண்டு இலக்கங்கள் ஃபிரேம் எண் என்பதால், அவற்றை எழுதத் தேவையில்லை என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிடலாம்.

படி 2: பார்வைக்கான பிரதி

எம்பி4, எச்.264, 1080பி, நொடிக்கு 8 மெகாபிட் என்ற அளவே போதும். அதன்படி ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்பி ஆகும். 20 நிமிடப் படம் 1.2 ஜிபி வரும். ஊரில் இணையம் மெதுவாக இருந்தால், 720பி, 4 மெகாபிட் என்று பாதியாக்குங்கள்.

படி 3: எங்கே ஏற்றுவது?

யூடியூபை நான் பரிந்துரைக்க மாட்டேன். அன்லிஸ்டடாக வைத்தாலும் இணைப்பு கிடைத்த எவரும் பார்க்க முடியும் என்பதோடு, திருமண வீடியோவில் சினிமாப் பாடல் இருந்தால் பதிப்புரிமைச் சோதனையில் சிக்கவும் கூடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். நேரத்தோடு இணைத்துக் குறிப்பெழுத விமியோவும், அடோபி 2021 இல் வாங்கிய ஃப்ரேம்.ஐஓவும் மிகச் சிறந்தவை. ஆனால் புதிய தளங்களில் பழக்கமில்லாத பெற்றோருக்கு கூகுள் டிரைவ் இணைப்பே எளிது என்பது என் உறுதியான கருத்து. டைம்கோடு படத்திலேயே இருப்பதால் டிரைவே போதுமானதாகிவிடுகிறது.

படி 4: குறிப்புகளை வாங்குதல்

இரு வீட்டாரின் கருத்துகளையும் தொகுத்து அனுப்ப ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குறிப்பிலும் பதிப்பு எண், நேரம், செய்ய வேண்டிய மாற்றம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். இரண்டாம் பதிப்பில் முன்பகுதியில் 10 நொடிகளை வெட்டியிருந்தால், அதற்குப் பிந்தைய நேரங்கள் எல்லாம் மாறிவிடும் என்பதால், பதிப்பு எண் இல்லாத குறிப்பைக் கேட்டுத் தெளிவுபடுத்தாமல் கை வைக்காதீர்கள். இதே காரணத்தால், பழைய இணைப்பிலேயே புதிய கோப்பை மாற்றி வைப்பதைத் தவிர்த்து, ஒவ்வொரு பதிப்பையும் தனிக் கோப்பாகவே ஏற்றுங்கள்.

பின்சேர்க்கை: டிரைவில் படம் மங்கலாகத் தெரிகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஏற்றிய உடனே குறைந்த தரத்தில்தான் ஓடும். டிரைவ் அதைப் பதப்படுத்தி முடித்த பிறகு நீங்களே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு இணைப்பை அனுப்புங்கள். இறுதிப் பிரதியிலும் டைம்கோடு வந்துவிட்டதாகச் சொன்னவர்கள், டெலிவர் பக்கத்தில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் டேட்டா பர்ன்-இன் என்பதை நன் (None) என மாற்றி மீண்டும் ரெண்டர் செய்யவும்.