தூக்கத்துக்குக் கடல்பாசியா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கொரியாவிலும் ஜப்பானிலும் புளிக்கவைத்த இறால், மீன், கடல்பாசி எல்லாம் அன்றாடச் சாப்பாடு. அதையே 'இயற்கைத் தூக்க மருந்து' என்று ஆன்லைனில் வாங்கி, படுக்கும் முன் ஒரு ஸ்பூன் சாப்பிடுபவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நேரமே தப்பு. பொடி இறாலை மாதக்கணக்கில் ஊறவைக்கும் கொரிய செயுஜோத்தில் வழக்கமாக எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பு போடுவார்கள். புளித்த மீனிலிருந்து வடிக்கும் ஃபிஷ் சாஸில் ஒரு டேபிள்ஸ்பூனிலேயே உப்பு 3 கிராம் தாண்டிவிடும், உலக சுகாதார நிறுவனமோ ஒரு நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. ராத்திரியில் இவ்வளவு உப்பு போனால் தாகம், தண்ணீர், அப்புறம் பாத்ரூம். நாகசாகி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினசரி உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் சிறுநீருக்காக இரவில் எழுவது சராசரியாக 2.3 தடவையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. தூக்கம்தான் வேண்டும் என்றால் அந்த ஸ்பூனை விடுவதே மேல்.

அடுத்தது, 'காபா' (GABA, மூளையின் பரபரப்பை அடக்கும் ரசாயனம்) என்ற பெயரைப் பார்த்து ஏதாவது ஒரு பாசியை வாங்குவது. ஜப்பானியர்கள் சூப்புக்குப் போடும் கொம்பு என்ற தடித்த பழுப்புப் பாசியில் சுவை தரும் குளுட்டமேட் என்ற பொருள் நிறைய. லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா சேர்த்துப் புளிக்கவைத்தால் அந்தக் குளுட்டமேட் காபாவாக மாறும், தூக்கத்தைப் பற்றிய ஆய்வுகளில் கொடுப்பது அப்படித் தயாரித்த, அளவு தெரிந்த சாறு. கடையில் கிடைப்பதோ வெறும் காய்ந்த கொம்பு. மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடி மருந்தும் இல்லை, பூஞ்சையும் இல்லை, மானிட்டால் என்ற இனிப்புப் பொருள். நம்மூர் நோன்புக் கடல்பாசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் அகர். சாப்பிடும் காபா மூளைக்குள் எவ்வளவு போகிறது என்பதே விஞ்ஞானிகளுக்குள் இன்னும் தீராத வாதம்.

எனக்கு அதிகக் கவலை அயோடினைப் பற்றித்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், ஒரே ஒரு கிராம் கொம்பில் 1000க்கு மேல்கூட இருக்கலாம். ஊறவைத்தால் அயோடின் தண்ணீருக்குள் இறங்கும், ஆகவே கொம்புத் தண்ணீரை இரவில் குடிப்பதும் அதே கதைதான். அயோடின் மிகுந்து தைராய்டு அதிகமாகச் சுரக்க ஆரம்பித்தால் நெஞ்சு படபடக்கும், இருக்கிற தூக்கமும் போகும். தைராய்டு பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஹிஜிகி என்ற கருப்புப் பாசி யாருக்குமே வேண்டாம்: ஆர்செனிக் இருப்பதால் 2004இலேயே பிரிட்டன் உணவுத் தர அமைப்பு அதைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

மனச்சோர்வுக்கு எம்ஏஓ தடுப்பு வகை மாத்திரை எடுப்பவர்கள் புளித்த மீன் பக்கமே போகாதீர்கள். அதிலுள்ள டைரமின் என்ற பொருள், இந்த மாத்திரையோடு சேரும்போது, ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.