குடும்பப் படத்துடன் வாழ்த்து அட்டை: எந்த முறையில் அச்சிடலாம்?

கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ குடும்பப் படம் போட்ட வாழ்த்து அட்டை அனுப்ப விரும்புவோர், எத்தனை அட்டை வேண்டும், அதில் கையால் எழுதப் போகிறோமா என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. இருபது, முப்பது அட்டைகளே போதும் என்றால், ஸ்டுடியோவில் 4×6 அங்குலப் பிரிண்டாக எடுப்பதே எளிது. முகங்களின் நிறமும் அதில்தான் இயல்பாக வரும். ஆனால் பளபளப்பான தாளில் மை பேனாவால் எழுதினால் உலராமல் ஈஷிக்கொள்ளும் என்பதால், பளபளப்பில்லாத மேட் தாளைக் கேட்டு வாங்குங்கள். நூற்றுக்கு மேல் என்றால், டிஜிட்டல் அச்சகத்தில் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடைக் கணக்கு) கனமான அட்டையில் அடிப்பதே என் பரிந்துரை. மடிப்பு அட்டையாகவும் செய்யலாம், உள்ளே தாராளமாக எழுதவும் இடம் கிடைக்கும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் ஐந்தாறு அட்டைகளுக்குச் சரி, ஆனால் பல மைகள் ஈரம் பட்டால் கலங்கிவிடும்.

எந்த முறையானாலும் கவனிக்க வேண்டியது படத்தின் அளவு. 4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்ஸல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்; ஆகவே டாக்குமெண்டாக அனுப்புங்கள். செல்போன் படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருப்பதால், 4×6 அளவுக்கு வெட்டும்போது பின்வரிசையில் நிற்கும் தாத்தாவின் தலை போய்விடக்கூடும். எடுக்கும்போதே மேலும் கீழும் சற்று இடம் விடுங்கள். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு மாதிரி அட்டையைக் கட்டாயம் கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.