டர்போ இன்ஜின் ட்யூனிங்: மேப்பைத் தொடுவதற்கு முன் நடக்கும் தவறுகள்

பெட்ரோல் டர்போ இன்ஜினுக்குத் தனி ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) மாட்டியவுடன் பலரும் செய்வது, லேப்டாப்பைத் திறந்து மேப்பில் (பெட்ரோல், டைமிங் அளவுகளின் அட்டவணையில்) எண்களை மாற்றுவது. அந்த எண்கள் நம்பும் அளவுகள் உண்மையா என்று யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான கோளாறு அங்கேதான்.

முதலில் டைமிங், அதாவது பிஸ்டன் உச்சியை எட்ட எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பது. திரையில் 10 டிகிரி என்று காட்டினால் பிளக்கும் 10 டிகிரியில்தான் பொறி விடுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிராங்க் சென்சார் கோணத்தை மென்பொருளில் 5 டிகிரி தப்பாகக் கொடுத்திருந்தால், மேப் மொத்தமும் 5 டிகிரி தள்ளிப்போகும். டைமிங்கை ஓர் எண்ணில் பூட்டிவிட்டு, புல்லியில் டைமிங் லைட் அடித்துப் பாருங்கள். ஐடிலில் மட்டும் பார்த்தால் போதாது. 4,000 ஆர்பிஎம்மிலும் குறி நகராமல் நிற்க வேண்டும். சின்ன வேலைதான். இதைச் செய்யச் சோம்பல்பட்டவர்கள்தான் அப்புறம் பிஸ்டன் தேடி அலைகிறார்கள்.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது, எக்ஸாஸ்ட்டில் ஆக்சிஜனை அளந்து கலவையைச் சொல்லும் லாம்டா சென்சார். ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ் ஆனால், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். மீட்டர் அதை லீன் (பெட்ரோல் குறைவு) என்று காட்டும். உடனே பெட்ரோலைக் கூட்டுவோம். பிளக் நனையும், மிஸ்ஸிங் கூடும், மீட்டர் இன்னும் லீன் என்றே சொல்லும். பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது மட்டும் திடீரென லீன் காட்டினால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக் முனையில் 1.1 மி.மீ. இடைவெளி சாதாரண ஓட்டத்துக்குச் சரி. அதிக பூஸ்டில் பொறி தாண்டாமல் அணைந்துவிடும். 0.6, 0.7 வரை குறைக்க வேண்டியிருக்கும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தாலும் இதே பொய்தான், குறிப்பாக ஐடிலில்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று (எடையில்) என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இன்னொன்று. அது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கான கணக்கு. இந்தியாவில் இப்போது கிடைக்கும் E20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) அது சுமார் 13.5. மீட்டருக்கு இது தெரியாது. அளந்த லாம்டாவை (எந்த எரிபொருளானாலும் சரியான கலவைக்கு 1, அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம்) 14.7-ஆல் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். அதனால் இலக்கை லாம்டாவிலேயே வையுங்கள்: டர்போவில் முழு லோடில் 0.78 முதல் 0.82 வரை பலரும் தொடங்கும் இடம். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு எழுதிய மேப்பில் E20 ஊற்றினால், லாம்டா திருத்தம் இல்லாத முழு லோடில் கலவை 8 சதவீதம் அளவுக்கு லீன் ஆகிவிடும்.

"சந்தேகமா இருந்தா டைமிங்கைக் குறைச்சிடு" என்பது பாதி உண்மை. நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) நிற்கும், சரி. ஆனால் எரிதல் தாமதமாவதால் வெப்பம் எக்ஸாஸ்ட்டுக்குப் போகும். வால்வும் டர்பைனும் அந்தச் சூட்டை வாங்கும். அதைத் தணிக்க மறுபடி பெட்ரோலைக் கொட்டுவார்கள். கடைசியில் கறுப்புப் புகை, ஆயிலில் பெட்ரோல் வாசனை, பவரும் இல்லை.

டைமிங்கைக் கூட்டும்போது ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டி டைனோவில் (இன்ஜின் திறனை அளக்கும் மேடையில்) டார்க்கைப் பாருங்கள். டார்க் ஏறாவிட்டால் நாக்கிங் கேட்காவிட்டாலும் அங்கே நிறுத்திவிடலாம். அதற்குமேல் கிடைப்பது சிலிண்டர் அழுத்தம் மட்டுமே. டர்போவில் பெரும்பாலும் அந்த இடத்துக்கு வருமுன்பே நாக்கிங் வந்துவிடும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டிருந்தால், சூடேறும் முன் அது தட்டும் சத்தத்தையே நாக் சென்சார் நாக்கிங் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. காதில் ஹெட்போன் மாட்டி நேரடியாகக் கேட்பதுதான் என் விருப்பம்.

இன்ஜெக்டர் டெட் டைமை (கட்டளை வந்த பிறகு அது திறக்க ஆகும் தாமதம்) பேட்டரி வோல்டேஜுக்கு ஏற்ப நிரப்பாமல் விடுவது சில்லறைத் தவறு. ரேடியேட்டர் ஃபேன் ஓடியதும் ஐடில் தடுமாறினால் இங்கே பாருங்கள்.

டைனோவில் பெரிய ஃபேன் வைத்து எடுத்த முதல் ஓட்டத்தோடு மேப்பை முடித்துவிடாதீர்கள். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறிய பிறகு, தொடர்ந்து மூன்று நான்கு ஓட்டம் எடுத்து, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலைக்கேற்ப டைமிங் தானாகக் குறைகிறதா என்று ஈசியூ பதிவில் (லாக்) பாருங்கள்.