டிஎன்டி போட்டும் விளம்பர அழைப்புகள் வருகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

1909-க்கு ஒருமுறை அழைத்து டிஎன்டி (விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்ற பதிவு) பதிந்துவிட்டால் இனி கடன் அழைப்பே வராது என்று நம்புவதுதான் முதல் தவறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி அந்தப் பதிவை மதித்து நடப்பவை, தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் முறையாகப் பதிவு செய்துகொண்ட விளம்பர நிறுவனங்கள்தாம். அவை விளம்பரத்துக்கு 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்தே அழைக்க வேண்டும். சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து பிளாட் விற்பவரும் கிரெடிட் கார்டு தருபவரும் டிஎன்டி பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களை நிறுத்தப் புகார்தான் வழி.

பலரும் எண்ணை பிளாக் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அது உங்கள் போனோடு முடிந்துவிடும். அழைத்தவர் அடுத்த வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டுதான் இருப்பார். 2025 பிப்ரவரி திருத்தத்துக்குப் பிறகு, ஓர் எண்மீது பத்து நாளில் ஐந்து பேர் புகார் கொடுத்தாலே நடவடிக்கை தொடங்க வேண்டும். முதல் முறை தவறு உறுதியானால் 15 நாள் வெளியே அழைக்க முடியாது. மறுபடியும் செய்தால் அவருடைய எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். அந்த ஐந்தில் ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும்.

டிஎன்டி பதியவில்லையே என்று தயங்கவும் வேண்டாம். பதிவு செய்யாத விற்பனையாளர் மீது புகார் கொடுக்க இப்போது அது தேவையில்லை. ஆனால் அழைப்பு வந்த 7 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அழைப்பு வந்த அதே சிம்மிலிருந்து 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்: என்ன விற்றார்கள் என்று ஒரு வரி, காற்புள்ளி, அழைத்த எண், காற்புள்ளி, நாள்/மாதம்/ஆண்டு. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் புகார் தள்ளுபடியாகலாம். எரிச்சலில் கால் லாக்கை அழித்துவிட்டால் எண்ணும் தேதியும் போய்விடும். டிராயின் டிஎன்டி செயலியிலும் புகார் கொடுக்கலாம். வரும் புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

அதிகம் கவனிக்கப்படாதது சம்மதம். இணையப் படிவத்தின் அடியில் உள்ள சிறு கட்டத்தை டிக் செய்தால், டிஎன்டி இருந்தாலும் அந்த நிறுவனம் உங்களுக்கு விளம்பரம் அனுப்ப வழி கிடைக்கக்கூடும். சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பெற்றபின் 90 நாள்வரை அவர்கள் மறுபடி கேட்கக் கூடாது.

எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள். ஆங்கில 'P' என்றால் விளம்பரம், 'S' சேவை, 'T' பரிவர்த்தனை, 'G' அரசு. டிஎன்டி போட்டால் வங்கி ஓடிபி நின்றுவிடும் என்ற பயம் வீண். பரிவர்த்தனைச் செய்திகளை அது தொடாது.

"டிராயிலிருந்து பேசுகிறோம், உங்கள் எண் துண்டிக்கப்படும்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. டிராய் அப்படி யாரையும் அழைப்பதில்லை. இதற்கு 1909 அல்ல, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் மோசடி அழைப்புகளைப் புகார் செய்யும் சக்ஷு பகுதிதான் சரியான இடம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.